முழங்கால் ஏழு திறக்கவில்லை

சின்னவளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அவருடைய முழங்கால்கூட இந்த வாரம் அவர் பேச்சைக் கேட்டு நடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் இதைப் படித்த பிறகாவது அப்படி இருங்கள். போனில் பேசாமல் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு பாதிப் பேச்சில் கையை நீட்டுவார், நானும் கொடுத்துவிடுவேன், பிறகு அவர் அங்கே மழையா வெயிலா என்று கேட்டு முடிப்பதற்குள் நான் சொல்ல வந்தது போய்விடும். அண்ணிக்குப் புது வேலை கிடைத்ததையும் அவர்கள் மூன்று பேரும் வீடு மாறிப் போனதையும் அண்ணன் உன்னிடம் சொல்லியிருப்பான். கிளினிக்கில் ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு, அதனால் அண்ணிக்கு ஒரு வாரம் கெட்ட பெயர், பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லியிருப்பான். அவன் சொன்னதில் பொய் கிடையாது, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிசியோதெரபி கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்று நீ ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறாய், ஆனால் அது அண்ணி அங்கே வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருடம். அவள் வந்த பிறகு வேலையின் முறையே மாறிவிட்டது. நோயாளிகள் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை அவள் ஒவ்வொன்றாக எழுதி, படம் எடுத்து, கிளினிக்கின் இணையதளத்தில் ஏற்றி வைத்தாள். ஐந்து வருடத்தில் நூற்று நாற்பது பக்கங்கள். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று வரிசை. படத்தில் இருப்பது முழுக்க உன் அப்பாதான், ஏனென்றால் அசையாமல் உட்காருங்கள் என்று மருமகள் சொன்னால் மட்டும்தான் அவர் அசையாமல் உட்காருவார், நான் சொன்னால் அரிக்கும். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் அவரை நிறுத்தி, சார் உங்க முழங்காலை எங்க வீட்டுச் சுவத்துல ஒட்டியிருக்கோம் என்று சொல்வதுண்டு, அவருக்கு அதில் ஏகப் பெருமை. அண்ணி உள்ளே நோயாளியைப் பார்த்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் முழங்கால் ஏழு, இடுப்பு மூன்று என்று எழுதிக் கொடுப்பாள், அவர்கள் அதை என்னிடம் நீட்டுவார்கள், நான் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். இணையதளத்தின் முகப்பு வழியாகப் போனால் பெரிய டாக்டரின் போட்டோ சுற்றிச் சுற்றி வந்து நேரம் பிடிக்கும், அதனால் நூற்று நாற்பது லிங்குகளையும் நானே ஒவ்வொன்றாக பிரவுசரில் புக்மார்க் போட்டு அடுக்கி வைத்திருந்தேன். சின்ன டாக்டர் என்று ஒருவர் அங்கே கிடையாது, ஆனாலும் அவர் பெரிய டாக்டர்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி டாக்டரிடம் ராஜினாமா கொடுத்தாள். வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான பிரிவை அவளே தலைமை ஏற்று நடத்த வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அவள் படித்ததே குழந்தைகளுக்காகத்தான், இங்கே ஐந்து வருடமாக வயசானவர்களின் மூட்டுகளை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அன்று சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, என்னம்மா உங்க மருமகளை விட்டுட்டீங்களே என்றார். நான் சிரித்து வைத்தேன். ஒரே வீட்டில் ஏழு வருடம், ஒரே பஸ்ஸில் ஐந்து வருடம், எனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டபோது, இன்னைக்கு ராத்திரி சொல்லலாம்னு இருந்தேன் அத்தை என்றாள். நான் சரி என்றேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மணி நேர ரயில் பயணம் அந்த ஊர், அவள் போனால் உன் அண்ணன் போவான், பேத்தி வாண்டு போவாள், நீ ஏற்கெனவே போய் ஒன்பது வருடமாகிறது. இந்தக் கணக்கை எல்லாம் நான் அந்த இரண்டு நாளில் போட்டு முடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதலில் வந்தவர் முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பஸ் ஓட்டுநர். சீட்டில் முழங்கால் ஏழு. அழுத்தினேன், பக்கம் வரவில்லை, இந்தப் பக்கத்தைக் காட்ட இயலவில்லை என்று ஒரு வெள்ளைத் திரை வந்தது. திரும்ப அழுத்தினேன், எல்லோரும் செய்வதுதானே. கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் போட்டேன், பிரிண்டரையும் நிறுத்திவிட்டுப் போட்டேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தேதான் செய்தேன். முழங்கால் ஆறு திறக்கவில்லை, முழங்கால் ஒன்று திறந்தது. இடுப்பில் மூன்று திறந்தது, நான்கு இல்லை. மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்துவிட்டேன், நூற்று நாற்பதில் நாற்பத்து மூன்றுதான் திறந்தன. டாக்டர் வந்து எப்பலேர்ந்தும்மா இப்படி என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வரைக்கும் எல்லாம் நல்லா இருந்துச்சு டாக்டர், அவ ராஜினாமா கொடுத்துட்டுப் போனா, இன்னைக்கு வந்து பார்த்தா இல்ல என்றேன். இந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, நீ வேண்டுமானால் பிரித்துப் பார். ஆனால் அப்படிச் சேர்த்துச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குச் சொல்லாமல் அவருக்குச் சொன்னாளே என்ற கோபம் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் உடனே இணையதளத்தைக் கவனித்துக்கொள்பவருக்குப் போன் போட்டார். எதைக் கேட்டாலும் எல்லாம் கிளவுட்ல இருக்கு என்று சொல்லுவதால் உன் அப்பா அவருக்கு மேகக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறார். அவர், என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டர் என்று சொல்லிவிட்டார். டாக்டர் தன் போனில் இணையதளத்தின் முகப்பைத் திறந்தார், அவருடைய போட்டோ பத்திரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அதோடு அவருக்குத் திருப்தி. தளம் நன்றாக இருக்கிறது, அவள் எழுதிய பக்கங்கள்தான் இல்லை, கடவுச்சொல் அவளிடம் இருக்கிறது, போகிற கோபத்தில் அழித்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார். அண்ணியை உள்ளே கூப்பிட்டு, எல்லாத்தையும் திருப்பி வெச்சாத்தான் அனுபவச் சான்றிதழ், அதுவரைக்கும் நீங்க இங்க வர வேண்டாம் என்றாராம். புது ஆஸ்பத்திரிக்கு அந்தச் சான்றிதழை அந்த வாரம் சனிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. அண்ணி, நான் எதையும் அழிக்கல டாக்டர் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு என் மேஜையைத் தாண்டிப் போனாள். என்னைப் பார்த்தாள். நான் ஒரு நோயாளிக்குச் சில்லறை வேலை எதையோ செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை என் கெட்டிக்காரத்தனம் ஆரம்பித்தது. பிரவுசர் மக்கர் பண்ணினால் முதலில் அதன் பழைய குப்பையை அழிக்க வேண்டும் என்று நீ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. பத்து மணிக்கு ஹிஸ்டரி, கேஷ் என்று இருந்த எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு ஒட்டுமொத்தமாக அழித்தேன். அழித்துவிட்டு முழங்கால் ஒன்றை அழுத்தினால், அதுவரை திறந்துகொண்டிருந்த அதுவும் திறக்கவில்லை. நாற்பத்து மூன்றும் போயின. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பாத்தீங்களா, மிச்சம் மீதியையும் வீட்டுல உக்காந்துக்கிட்டே அழிக்கிறாங்க, கடவுச்சொல்லை மாத்தச் சொல்லுங்க என்று கத்தினார். நான் அழித்தேன் டாக்டர், ஆனால் பக்கத்தை இல்லை, பிரவுசரில் இருந்த குப்பையைத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கே அந்த வித்தியாசம் சரியாகப் புரியாதபோது அவருக்கு என்ன விளக்குவது என்று மூடிக்கொண்டேன். அன்று சாயங்காலம் உன் அண்ணன் சமையலறைக்கு வந்து, அம்மா, நீங்க டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க என்று கேட்டான். கேட்டதுக்குப் பதில் சொன்னேன் என்றேன். அவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். அன்று எல்லோரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம், உன் அப்பா மட்டும் எல்லோரோடும் உட்கார்ந்து மூன்று தடவை சாப்பிட்டார்.

புதன்கிழமை காலை எனக்கு ஒரு யோசனை வந்தது. புக்மார்க்கில் இருக்கும் முகவரியை அப்படியே பார்த்து என் போனில் எழுத்தெழுத்தாக அடித்தேன். அது ரயில் பெட்டி மாதிரி நீளம், மூன்று தடவை தப்பாக அடித்து நான்காவது தடவை சரியாக வந்தது. போனில் உன் அப்பாவின் முழங்கால் வந்து நின்றது. முழங்கால் ஏழு, பத்து எண்ணும் வரை மடக்காமல் வைத்திருக்கவும், எல்லாம் இருந்தது. யாரும் எதையும் அழிக்கவில்லை. பழைய அப்பாயின்ட்மென்ட் நோட்டு ஒன்றை எடுத்து, வழக்கம் போல் மேலே தேதியும் கிழமையும் போட்டு, கோடு கிழித்து, கம்ப்யூட்டர் ஒரு பக்கம் போன் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு, போனில் முகவரியின் வாலை மட்டும் மாற்றி மாற்றி அடித்து, நூற்று நாற்பதையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். வந்தவர்களையும் கவனித்துக்கொண்டு செய்ததால் முடிக்கும்போது மத்தியானம் மூன்றரை மணி ஆகிவிட்டது. நூற்று முப்பத்தொன்று போனில் திறந்தன, கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. ஒன்பது இரண்டிலும் திறக்கவில்லை, ஒன்பதும் கழுத்து. அதன் பிறகு மாடிப்படியில் போய் நின்றுகொண்டு மேகக்காரருக்கு நானே போன் போட்டேன். அவர் பிரவுசரில் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, அங்கே இருக்கும் பதிப்பு எண்ணைப் படிக்கச் சொன்னார். நான் கீழே போய்க் குறித்துக்கொண்டு வந்து படித்தேன். அவர் சிரித்தார். அம்மா, இது ஆறு வருஷத்துக்கு முந்தினது, புதுசு போட்டுக்கச் சொல்லி உங்களைக் கேட்டிருக்குமே என்றார்.

கேட்டது. தினமும் காலை பத்து மணிக்கு ஒரு சின்னப் பெட்டி வந்து, புதிய பதிப்பு தயாராக உள்ளது, இப்போதே, பிறகு என்று இரண்டு பொத்தானோடு நிற்கும். ஆறு வருடத்துக்கு முன் நீ லீவில் வந்திருந்தபோது ஒரு மத்தியானம் என்னோடு கிளினிக்கில் உட்கார்ந்து அந்த பிரவுசரைச் சரி செய்து கொடுத்துவிட்டு, ஏதாவது கேட்டா பிறகுன்னு அழுத்துங்கம்மா, நான் பக்கத்துல இல்லாதப்ப எதையும் மாத்திடாதீங்க என்றாய். அழுத்தினேன். லீவு நாள் போக வருடத்துக்கு முந்நூறு தடவை, ஆறு வருடம். உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, நீ சொன்னது அன்றைக்குச் சரி. மகள் சொல்லிவிட்டுப் போனதை அம்மா ஒருத்தி இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பாள் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். மேகக்காரர் விவரமாகச் சொன்னார். அண்ணி ராஜினாமா கொடுத்த மறுநாள், சனிக்கிழமை, அவர் தளத்தைப் புது இடத்துக்கு மாற்றியிருக்கிறார், புது இடம் பழைய பிரவுசரோடு பேசாதாம், பாதுகாப்புக்காக அப்படி. நாற்பத்து மூன்று மட்டும் ஏன் திறந்தன என்று கேட்டேன். அடிக்கடி திறக்கும் பக்கங்களை பிரவுசர் தன்னிடமே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுமாம், நான் பார்த்தது அந்த நகலை, செவ்வாய்க்கிழமை நான் அழித்ததும் அதைத்தான். அந்த ஒன்பது கழுத்துப் பக்கங்களை எடுத்துப் போக அவரே மறந்துவிட்டார், அதற்கு மன்னிப்புக் கேட்டார். நானே டாக்டர்கிட்ட சொல்லிடட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், நான் சொல்லிக்கிறேன் என்றேன். அப்போது மணி நாலேகால். டாக்டர் அறையில்தான் இருந்தார், கதவு திறந்துதான் இருந்தது.

நான் சொல்லவில்லை. நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அன்று சொல்லாததற்கு ஆறு வருடம் பொத்தானைத் தப்பாக அழுத்திய வெட்கம் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கொஞ்சம் உண்மையும்கூட. இந்த மேஜையில் எனக்கு இருபத்திரண்டு வருடம், ரிசப்ஷனில் ஆளுக்குப் பதில் ஒரு தொடுதிரையை வைத்தால் என்ன என்று டாக்டர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், என் தலையை நானே கொண்டுபோய்க் கொடுப்பானேன் என்றும் தோன்றியது. ஆனால் வியாழக்கிழமை முழுவதும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அது இல்லை. சனிக்கிழமை தாண்டிவிட்டால் அந்த வேலை போய்விடும், வேலை போனால் அவர்கள் போக மாட்டார்கள். கோளாறு தானாகவே ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், டாக்டர் அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார், கெட்ட பெயரும் போய்விடும், எல்லாம் பழையபடி இருக்கும். யாருக்கும் நான் எதுவும் செய்யவில்லை, சும்மா இருக்கிறேன், அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஒரு நாள் முழுக்க இப்படி நினைத்துக்கொண்டு, வந்தவர்களிடம் பிரிண்ட் இல்லை, கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினேன். பஸ் ஓட்டுநர், டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கும்மா என்று சொல்லிவிட்டு என் முன்னாலேயே காலைத் தூக்கிக் காட்டினார், தப்பாகத் தூக்கினார். அதையும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அன்று சாயங்காலம் நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன், அண்ணி கூடத்தில் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக்குள்ள முடியும்னு தோணலை மேடம், எனக்காகக் காத்திருக்க வேண்டாம், வேற யாரையாவது பார்த்துக்கோங்க என்றாள். குரலில் ஒன்றும் இல்லை, கடையில் ஒரு சாமான் வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னாள். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது நடந்துவிட்டது. நடந்து காதில் விழுந்தபோது எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, தண்ணீர்க் குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன். அவள் உள்ளே வந்து குழாயை மூடிவிட்டு, டீ போடட்டுமா அத்தை, நீங்க காலையிலேர்ந்து ஒண்ணும் சரியாச் சாப்பிடல என்றாள். போட்டாள். நான் குடித்தேன். அன்று சொல்லியிருக்கலாம், அப்போதும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டேன். போனில் முழங்கால் ஏழைத் திறந்து அவர் மேஜையில் வைத்தேன், நோட்டில் கணக்கு எழுதிய பக்கத்தை, மேலே தேதி இருந்த இடத்தில் என் கையை வைத்துக்கொண்டு, காட்டினேன். பக்கம் எங்கும் போகல டாக்டர், என் பிரவுசர்தான் பழசு, ஆறு வருஷமா நான்தான் புதுப்பிக்கல, செவ்வாய்க்கிழமை மிச்சத்தை அழிச்சதும் நான்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீங்கதானேம்மா சொன்னீங்க, அவங்க போனதுக்கு அப்புறம் இல்லைன்னு என்றார். சொன்னேன், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, கோபத்துல சொன்னேன் என்றேன். எழுதிக் கொடுக்க முடியுமா என்றார், அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன். எப்ப கண்டுபிடிச்சீங்க என்றார். இன்னைக்குக் காலைல என்றேன். அதன் பிறகு இருவரும் என் மேஜைக்கு வந்து, அந்தச் சின்னப் பெட்டியில் இப்போதே என்ற பொத்தானை அழுத்தினோம். நாற்பது நிமிடம், மூன்று தடவை தானே நின்று தானே எழுந்தது, அவர் நோயாளிகளை விட்டுவிட்டு ஒரு பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நூற்று முப்பத்தொன்றும் திறந்தன. கழுத்தை மேகக்காரர் மத்தியானம் ஏற்றினார். அண்ணியைக் கூப்பிட்டுச் சான்றிதழைக் கையில் கொடுத்து, தொழில்நுட்பக் கோளாறு, மனசுல வெச்சுக்காதீங்க என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, அதற்குப் பக்கத்தில் வரும் சொல் அவருக்கு அதுதான். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்குள் வேறு யாரையும் எடுக்கவில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, ரிசப்ஷனில் உள்ளவர்கள் கம்ப்யூட்டரில் எதையும் அழிக்கக் கூடாது என்று ஒரு நோட்டீஸ் மட்டும் ஒட்டியிருக்கிறார், ரிசப்ஷனில் உள்ளவர்கள் என்றால் நான் ஒருத்திதான்.

வீட்டில் உன் அண்ணனும் எப்பம்மா கண்டுபிடிச்சீங்க என்று கேட்டான், அவனிடமும் இன்னைக்குக் காலைல என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க மட்டும் பார்க்கலைன்னா அவ்வளவுதான் என்றான். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். அதற்கு முந்தின நாள் அண்ணியும் நானும் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தோம், வாண்டு நாங்கள் வைப்பதை எடுத்து எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி அந்த நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள், அலமாரியில் என் துணிகளுக்கு நடுவில் வைத்திருந்தேன், கையோடு வந்துவிட்டது போலிருக்கிறது. இதுல புதன்கிழமைன்னு போட்டிருக்கீங்க அத்தை என்றாள். நான் வாண்டுவின் சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தேன், அதை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன். எனக்குத் திங்கட்கிழமையே தெரியும் என்றாள். வீட்டுக்கு வந்ததும் போன்ல பார்த்தேன், கழுத்தைத் தவிர எல்லாம் இருந்துச்சு, உங்க மேஜையில இருக்கற கம்ப்யூட்டர்தான் காரணம்னு அப்பவே தெரிஞ்சுது, நான் சொன்னா டாக்டர் உங்களை எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சுக் கேட்பார், நான் போறதே உங்களுக்குக் கஷ்டம், அதோட இதையுமான்னு இருந்துட்டேன் என்றாள். ஒரு புடவையை மடித்து வைத்துவிட்டு, கோபமும் இருந்துச்சு அத்தை, நீங்களாச் சொல்றீங்களா இல்லையான்னு பார்க்கணும்னும் இருந்துச்சு என்றாள். நான் வியாழக்கிழமை, என்று ஆரம்பித்தேன். அவள் தலையை ஆட்டி, சொல்லிட்டீங்கல்ல, போதும் என்றாள். பிறகு வாண்டுவைத் தூக்கிப் பெட்டிக்கு வெளியே வைத்தாள். சின்னவளே, ஏழு வருடத்தில் அவளிடம் நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை, திட்டியதும் இல்லை, இருக்கிறாள் என்று இருந்துவிட்டேன். அவள் மேல் எனக்கு இருக்கும் பிரியம் அந்தத் துணிகளை மடிக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. அழுதேன். அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

சொல்லிட்டீங்கல்ல, போதும் என்று அவள் சொன்னது அதன் பிறகு என்னைச் சும்மா இருக்க விடவில்லை, ஏனென்றால் உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன் உனக்கு அந்த வேலை உத்தரவு தபாலில் வருமென்று தினமும் வாசலில் நின்றுகொண்டிருந்தாயே, ஒரு வெள்ளிக்கிழமை வந்தது, இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்று தபால்காரரைத் திட்டினாயே, அவர் ஒன்றும் புரியாமல் நின்றாரே. அவர் அதைச் செவ்வாய்க்கிழமையே கொடுத்துவிட்டார். நீ குளித்துக்கொண்டிருந்தாய், நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மூன்று நாள் அது என் தையல் மிஷின் இழுப்பறையில் இருந்தது, நான்காம் நாள் அன்றைய தபாலோடு சேர்த்து உன் கையில் கொடுத்தேன். நீ சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாய். அந்த மூன்று நாளில் உனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அது உன் அதிர்ஷ்டம், என் நல்ல குணம் இல்லை. அண்ணிக்கு ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டேன், உனக்கு மூன்று நாள் எடுத்தது, அவ்வளவுதான் நான் தேறியிருப்பது.

கோபம் வந்தால் கோபமாகவே எழுது, பூசி மெழுகாதே. இதைப் படித்துவிட்டு அம்மா தனியாக இருக்கிறாள் என்று லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே, உனக்கு வர வேண்டும் என்று தோன்றும்போது வா. அண்ணனுக்கு அந்த வியாழக்கிழமை விஷயம் தெரிய வேண்டாம், அண்ணி சொல்ல மாட்டாள், நீயும் சொல்லாதே. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போய்ச் சேர்ந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன், இந்தத் தடவை முழு மனசோடு. அந்தத் தபால்காரர் ரிட்டயர் ஆகி அடுத்த தெருவில்தான் இருக்கிறார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு அவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா